புள்ளிகள் சொல்லும் பாடம்

(பத்தாம் வகுப்பு மாணவி)

முன்னுரை

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள் நம் பெரியோர். பானையில் இருப்பது ஒரே வகை அரிசியானால் இது முற்றிலும் உண்மை. ஆனால் பச்சரிசி, புழுங்கலரிசி, சீரகச்சம்பா மூன்றையும் ஒன்றாகக் கொட்டி உலையேற்றினால், கரண்டியில் எடுத்த ஒரு பருக்கை எந்த அரிசிக்குப் பதம் சொல்லும்?

நாம் அளந்து எழுதி வைக்கும் எண்களும் இப்படித்தான். பல வகைகள் ஒரே பட்டியலில் கலந்து கிடக்கும். கலந்ததைக் கலந்தபடியே பார்த்தால் தவறான முடிவுக்கு வந்துவிடுவோம். வகை பிரித்துப் பார்த்தால் உண்மை துலங்கும். அப்படிப் பார்ப்பதற்குக் கணினி நமக்குத் தரும் கருவிகளுள் ஒன்று, அடுக்குகளும் கட்டங்களும் கொண்ட சிதறல் படம். அதை எவ்வாறு வரைகிறார்கள், அதனால் விளையும் நன்மை என்ன என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

சிதறல் படம் என்பது யாது?

வரைபடத்தாளில் புள்ளி குறிப்பது நாம் அனைவரும் அறிந்ததே. ஒரு பொருளின் இரண்டு அளவுகளை எடுத்துக்கொள்வோம். ஒன்றைக் கிடையச்சிலும் மற்றொன்றை நிலையச்சிலும் பார்த்து, இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு புள்ளி வைப்போம். நூறு பொருள்களை அளந்தால் நூறு புள்ளிகள். தாள் முழுவதும் சிதறிக் கிடப்பதால் இதற்குச் சிதறல் படம் என்று பெயர்.

புள்ளிக் கூட்டம் இடமிருந்து வலமாக மேலேறினால், ஓர் அளவு கூடும்போது மற்றதும் கூடுகிறது என்று பொருள். இது நேர் ஒட்டுறவு. கீழிறங்கினால் எதிர் ஒட்டுறவு. எப்பக்கமும் சாயாமல் பரந்து கிடந்தால் இரண்டிற்கும் நேர்கோட்டு உறவு இல்லை எனலாம்.

ஜான் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய வானியலறிஞர் இரட்டை விண்மீன்களின் பாதையை அறிய 1833-இல் வெளியிட்ட படத்தையே முதல் சிதறல் படமாக வரலாற்றாசிரியர் பலர் கருதுகின்றனர். பின்னர் 1886-இல் பிரான்சிஸ் கால்டன் என்பவர் பெற்றோரின் உயரத்தையும், வளர்ந்த பிள்ளைகள் 928 பேரின் உயரத்தையும் ஒப்பிட்டு ஆராய்ந்தார்.

எண்களைக் கணக்கிட்டால் போதாதா, படம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். அதற்கு 1973-இல் பிரான்சிஸ் ஆன்ஸ்கம் என்ற புள்ளியியலறிஞர் விடை தந்தார். அவர் நான்கு சிறு பட்டியல்களை உருவாக்கினார். ஒவ்வொன்றிலும் 11 புள்ளிகள். நான்கிலும் கிடையளவின் சராசரி 9, நிலையளவின் சராசரி ஏறத்தாழ 7.5, ஒட்டுறவு ஏறத்தாழ 0.816. கணக்கில் நான்கும் உடன்பிறந்தவை போலவே இருக்கும். படமாக வரைந்தாலோ ஒன்று சாய்ந்த கூட்டம், ஒன்று வளைகோடு, ஒன்று விலகிய ஒரே புள்ளியால் திசை மாறிய நேர்கோடு, மற்றொன்று ஒரு புள்ளி நீங்கலாகச் செங்குத்தாக நிற்கும் வரிசை! கணக்கு மறைத்ததைக் கண் காட்டிக்கொடுத்தது.

படத்திற்கும் இலக்கணம் உண்டு

எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் எனப் பிரித்து நாம் வாக்கியத்தைப் படிக்கிறோம். அதேபோல் படத்தையும் உறுப்புகளாகப் பிரிக்கலாம் என்று காட்டியவர் லேலண்ட் வில்கின்சன் என்ற அமெரிக்க அறிஞர். படங்களின் இலக்கணம் என்னும் பொருள்படும் அவரது நூல் 1999-இல் வெளிவந்தது.

அவ்விலக்கணத்தைத் தழுவி ஹாட்லி விக்கம் என்ற நியூசிலாந்து நாட்டவர் படம் வரையும் நிரல் தொகுப்பு ஒன்றை எழுதி 2007-இல் வெளியிட்டார். அதன் பெயர் ஜிஜிபிளாட்-2. பெயரின் முதல் இரண்டு எழுத்துகளும் படங்களின் இலக்கணம் என்ற ஆங்கிலத் தொடரின் சுருக்கமே. இத்தொகுப்பு ஆர் என்னும் கணினி மொழியில் இயங்குகிறது. ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் ஆகிய இருவரும் உருவாக்கிய மொழி அது. இருவர் பெயரும் ஆங்கிலத்தில் அதே எழுத்தில் தொடங்குவதைக் கவனியுங்கள்! மொழியும் தொகுப்பும் எவரும் விலையின்றிப் பெறத்தக்கவை. கட்டம் கட்டமாகப் படம் வரைய லாட்டிஸ் என்ற மற்றொரு தொகுப்பும் ஆர் மொழியில் உண்டு. அதை எழுதியவர் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் தில்லி மையத்தைச் சேர்ந்த தீபாயன் சர்க்கார் என்பது நமக்குப் பெருமை.

பனிக்கண்டத்துப் பறவைகள்

இலக்கணத்தை எடுத்துக்காட்டின்றிக் கற்க இயலாது. ஆகவே உலகெங்கும் மாணவர்கள் பழகும் ஒரு பட்டியலையே நாமும் எடுத்துக்கொள்வோம். அன்டார்க்டிகாவில் பால்மர் நிலையம் என்னும் அமெரிக்க ஆய்வு நிலையத்தின் அருகிலுள்ள தீவுகளில், 2007 முதல் 2009 வரை கிறிஸ்டன் கோர்மன் என்ற பெண் விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் பெங்குவின் பறவைகளை அளந்தனர். மொத்தம் 344 பறவைகள். அவற்றுள் அடேலி இனம் 152, ஜென்டூ இனம் 124, சின்ஸ்ட்ராப் இனம் 68. மோவாய்க்கட்டையின் கீழ் தலைக்கவசத்தின் வார் போலக் கறுப்புக் கோடு ஓடுவதால் சின்ஸ்ட்ராப்புக்கு அப்பெயர் வந்தது.

பட்டியலில் ஒரு வரிக்கு ஒரு பறவை. ஒவ்வொரு பத்தியிலும் ஒரு செய்தி: இனம், தீவு, அலகின் நீளம், அலகின் பருமன், துடுப்புச் சிறகின் நீளம், எடை, ஆணா பெண்ணா என்பது. அலகின் பருமன் என்பது அலகை மேலிருந்து கீழாக அளக்கும் அளவு. நமது கேள்வி ஒன்றே ஒன்றுதான்: அலகு நீளமாக நீளமாக, அதன் பருமன் கூடுமா, குறையுமா?

அடுக்கின் மேல் அடுக்கு

ஒளி ஊடுருவும் டிரேசிங் தாள்கள் சிலவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். ஜிஜிபிளாட் படம் வரையும் முறை அதுதான்.

முதலில் வெறும் தாள். எந்தப் பட்டியல், எந்தப் பத்தி கிடையச்சு, எந்தப் பத்தி நிலையச்சு என்று மட்டும் சொல்கிறோம். இதற்குப் பொருத்துதல் என்று பெயர் வைத்துக்கொள்வோம். அச்சுகள் தோன்றும், படம் தோன்றாது.

அடுத்து, ஒரு கூட்டல் குறி இட்டு, ஜியோம் பாயிண்ட் என்ற கட்டளையைச் சேர்க்கிறோம். புள்ளிகள் அடங்கிய முதல் அடுக்கு வந்து அமர்கிறது. பின்னர் மீண்டும் ஒரு கூட்டல் குறி. ஜியோம் ஸ்மூத் என்ற கட்டளை. புள்ளிகளின் போக்கைக் காட்டும் கோடு இரண்டாம் அடுக்காக மேலே படிகிறது. நேர்கோடு வேண்டுமானால் அதைத் தனியே கேட்க வேண்டும். கேளாவிடில் இவ்வளவு புள்ளிகளுக்கு வளைகோடு வரும். கோட்டைச் சுற்றி ஒரு சாம்பல் நிறப் பட்டையும் தோன்றும். கோடு எவ்வளவு உறுதியானது என்பதற்கு அது அடையாளம். பட்டை அகலமானால் நம்பிக்கை குறைவு.

வாசலில் புள்ளிக் கோலம் இடும்போதும் முதலில் புள்ளி, பிறகே கோடு. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. கோலத்தில் புள்ளியை நம் விருப்பப்படி வைக்கிறோம். இங்கோ புள்ளியை வைப்பது இயற்கை; நாம் கோடு மட்டுமே இழுக்கிறோம். அடுக்கின் வரிசையும் முக்கியமானது. பின்னால் சொல்வது மேலே வரும். கோட்டை முதலில் சொல்லிப் புள்ளிகளைப் பிறகு சொன்னால், புள்ளிகள் கோட்டை மறைத்துவிடும். புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து நெருக்கடியானால், நிறத்தைச் சற்றுக் கண்ணாடி போல் ஆக்கலாம். அப்போது கூட்டம் மிகுந்த இடம் இருண்டு தெரியும்.

கோடு சொன்ன பொய்

இப்போது படத்தைப் பார்ப்போம். 342 புள்ளிகள், அவற்றினூடே ஒரு கோடு. கோடு கீழ்நோக்கிச் சரிகிறது! ஒட்டுறவு ஏறத்தாழ -0.24. அலகு நீண்டால் பருமன் குறையும் என்று படம் கூறுகிறது. நீண்டு வளர்ந்த அலகு மெலிவது இயல்புதானே என்று நாமும் காரணம் கற்பித்துத் திருப்தி அடைந்துவிடலாம்.

ஆனால் பானையில் மூன்று அரிசி இருப்பதை மறக்கலாகாது. பொருத்துதலில் ஒரே ஒரு சொல் சேர்ப்போம்: நிறம் என்பது இனத்தைக் குறிக்கட்டும். உடனே புள்ளிகள் மூன்று நிறமாகின்றன, கோடும் மூன்றாகிறது. மூன்று கோடுகளும் மேல்நோக்கி ஏறுகின்றன! அடேலிக்கு ஒட்டுறவு 0.39, ஜென்டூவுக்கு 0.64, சின்ஸ்ட்ராப்புக்கு 0.65. எந்த இனத்தை எடுத்தாலும் அலகு நீண்டால் பருமனும் கூடுகிறது. முதலில் கண்ட கோடு எந்த இனத்தைப் பற்றியும் உண்மை சொல்லவில்லை.

இது எப்படி நேர்ந்தது? அடேலியின் அலகு சராசரியாக 38.8 மி.மீ. நீளமும் 18.3 மி.மீ. பருமனும் கொண்டது. ஜென்டூவின் அலகோ 47.5 மி.மீ. நீளம், 15.0 மி.மீ. பருமன். ஆகவே படத்தில் அடேலிக் கூட்டம் இடப்பக்கம் மேலேயும், ஜென்டூக் கூட்டம் வலப்பக்கம் கீழேயும் அமர்கின்றன. ஒற்றைக் கோடு இவ்விரு கூட்டங்களையும் இணைக்கப் போய்க் கீழே சரிந்துவிட்டது. அது காட்டியது இனங்களுக்கு இடையேயுள்ள வேற்றுமையை. ஓர் இனத்திற்குள் உள்ள உறவை அன்று. எட்வர்ட் சிம்சன் என்பவர் 1951-இல் இத்தகைய முரண்பற்றி எழுதியதால், இது சிம்சன் முரண் எனப்படுகிறது.

இங்கு நுட்பமான ஒன்றைக் கவனிக்க வேண்டும். நிறத்தை அடித்தாளிலேயே பொருத்தினால் எல்லா அடுக்குகளும் அதற்குக் கட்டுப்படும், கோடு மூன்றாகும். புள்ளி அடுக்கில் மட்டும் பொருத்தினால், புள்ளிகள் மூன்று நிறமாக இருக்கும், கோடோ பழையபடி ஒன்றாகவே சரிந்து கிடக்கும். ஒரு சொல்லை எந்த இடத்தில் வைக்கிறோம் என்பதில் இவ்வளவு இருக்கிறது!

கட்டம் கட்டமாக

நிறம் மட்டும் போதாதபோது கட்டங்கள் கைகொடுக்கும். ஃபேசெட் ராப் என்ற கட்டளையைக் கூட்டினால், படம் இனத்திற்கு ஒன்றாக மூன்று கட்டங்களாகப் பிரிந்து அருகருகே நிற்கும். நிறத்தைப் பிரித்தறிய இயலாதவர்களும் எளிதில் படிக்கலாம். கறுப்பு வெள்ளையில் அச்சாகும் நம் பள்ளி மலர்ப் பக்கத்திற்கும் இதுவே ஏற்றது.

கட்டங்கள் அனைத்திற்கும் ஒரே அளவுகோல் இருப்பது அவசியம். நாம் வேறு சொல்லாதவரை தொகுப்பு அப்படியே செய்யும். கட்டத்திற்கொரு அளவுகோல் கொடுத்தால், ஒவ்வொரு கூட்டமும் தன் கட்டத்தை நிறைத்துக்கொண்டு, மூன்று இனமும் ஒரே அளவு என்ற மயக்கத்தைத் தரும். மூன்று தராசில் மூன்று விதப் படிக்கற்களை இட்டு நிறுத்தது போலாகும்.

தீவுகளை வரிசையாகவும் இனங்களை நிரலாகவும் வைத்து ஃபேசெட் கிரிட் என்ற கட்டளையாலும் பிரிக்கலாம். டோர்ஜர்சன், பிஸ்கோ, ட்ரீம் எனத் தீவுகள் மூன்று. ஆக 9 கட்டங்கள். அவற்றுள் 4 கட்டங்கள் வெறுமையாக இருக்கும். ஏனெனில் இந்தப் பட்டியலில் அடேலி மட்டுமே மூன்று தீவுகளிலும் உள்ளது. ஜென்டூ பிஸ்கோவிலும், சின்ஸ்ட்ராப் ட்ரீமிலும் மட்டுமே அளக்கப்பட்டன. வெறுங்கட்டமும் செய்தி சொல்கிறது.

எங்களுக்கு மிகவும் பிடித்த முறை இனிச் சொல்வது. இனம் என்ற பத்தியை நீக்கிய பட்டியலை வெளிர் சாம்பல் நிறப் புள்ளிகளாக அடியில் ஓர் அடுக்காக இடவேண்டும். எந்தக் கட்டத்திற்கு உரியது என்ற குறிப்பு அதற்கு இல்லாததால், எல்லாக் கட்டத்திலும் அது தோன்றும். அதன்மேல் அந்தந்த இனம் மட்டும் அடர்ந்த நிறத்தில் வரும். இப்போது ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் இனத்தைத் தெளிவாகக் காண்கிறோம். அது முழுக் குடும்பத்தில் எங்கே நிற்கிறது என்பதையும் காண்கிறோம்.

விடுபட்ட இருவர்

பறவைகள் 344, புள்ளிகளோ 342. மற்ற இரண்டு எங்கே? அவ்விரண்டின் அலகு அளவுகள் பட்டியலில் இல்லை. ஆதலால் அவற்றிற்குப் புள்ளி வைக்க இயலாது. ஆனால் தொகுப்பு அதை மறைப்பதில்லை. இரண்டு வரிகள் நீக்கப்பட்டன என்று எச்சரிக்கை தருகிறது. தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டு, காணாமற்போன ஒன்றைத் தேடிச் சென்ற நல்ல ஆயனின் உவமையை அறிந்த நாம் இந்த எச்சரிக்கையை அலட்சியம் செய்யலாமா? யார் விடுபட்டார், ஏன் விடுபட்டார் என்று கேட்ட பிறகே படத்தை நம்ப வேண்டும்.

பறவையிலிருந்து பெண்ணுக்கு

பெங்குவின் அலகு எப்படி இருந்தால் நமக்கென்ன என்று எண்ணவேண்டாம். இதே முரண் மனிதர் வாழ்விலும் தோன்றும். அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் 1973-ஆம் ஆண்டு மேற்படிப்புச் சேர்க்கைக்கு 8,442 ஆண்களும் 4,321 பெண்களும் விண்ணப்பித்தனர். ஆண்களில் சுமார் 44 விழுக்காட்டினர்க்கும், பெண்களில் சுமார் 35 விழுக்காட்டினர்க்கும் இடம் கிடைத்தது. பெண்களுக்கு அநீதி என்ற ஐயம் எழுந்தது.

பின்னர் அறிஞர் மூவர் துறைவாரியாகப் பிரித்து ஆராய்ந்து, 1975-இல் முடிவை வெளியிட்டனர். மிகப் பெரிய 6 துறைகளின் கணக்கைப் பார்ப்போம். அவற்றுள் நான்கில் பெண்களின் தேர்ச்சி விகிதமே கூடுதல்! ஒரு துறையில் ஆண்களுக்கு 62 விழுக்காடு, பெண்களுக்கு 82 விழுக்காடு. அப்படியாயின் மொத்தத்தில் பெண்கள் பின்தங்கியது எப்படி? எளிதில் இடம் கிடைத்த இரண்டு துறைகளுக்கு 1,385 ஆண்கள் விண்ணப்பித்தனர். பெண்களோ 133 பேர் மட்டுமே. இடம் கிடைப்பது அரிதான மற்ற நான்கு துறைகளில் 1,306 ஆண்கள், 1,702 பெண்கள். பெண்கள் பெரும்பாலும் நெருக்கடி மிகுந்த வாசலிலேயே கூடி நின்றனர்.

கட்டம் பிரித்ததும் கேள்வி முடிந்துவிடவில்லை. சரியான இடத்திற்கு நகர்ந்தது. அந்த இரண்டு துறைகளின் வாசலுக்குப் பெண்கள் ஏன் அதிகம் போகவில்லை? பள்ளிப் பருவத்திலிருந்தே சமுதாயமும் கல்வியும் அவர்களை வேறு திசையில் திருப்பிவிட்டன என்பதே அவ்வாராய்ச்சியாளர் காட்டிய காரணம். கணக்குப் பெண்களுக்கு வராது என்று சொல்லும் ஒவ்வொரு வீடும், ஒவ்வொரு வகுப்பும் இதை எண்ணிப் பார்க்கட்டும்.

நாமும் செய்து பார்க்கலாம்

கணினி இல்லையே என்று வருந்த வேண்டாம். மாவிலைகள் இருபதும் பூவரச இலைகள் இருபதும் சேகரியுங்கள். சிறியதும் பெரியதுமாக இருக்கட்டும். ஒவ்வொன்றின் நீளத்தையும் அகலத்தையும் அளந்து வரைபடத்தாளில் குறியுங்கள். எல்லாப் புள்ளியும் ஒரே நிறமானால், நீண்ட இலை குறுகியது என்று தோன்றும். மாவிலை நீண்டு ஒடுங்கியது, பூவரச இலை குட்டையாய் அகன்றது அல்லவா? பிறகு இரண்டு டிரேசிங் தாள்களில் மரத்திற்கு ஒன்றாகப் பிரித்து வரையுங்கள். ஒரே மரத்தில் பெரிய இலை நீளத்திலும் பெரிது, அகலத்திலும் பெரிது என்பது தெரியவரும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. பிரிப்பது நல்லதென்று கண்டபடி பிரிக்கவும் கூடாது. ஒரு கட்டத்திற்கு நான்கைந்து புள்ளிகளே மிஞ்சினால், எந்தக் கோடும் எதையும் சொல்லும். பொருளுள்ள வேற்றுமை எதுவென்று சிந்தித்த பிறகே பிரிக்க வேண்டும். அந்தச் சிந்தனையைக் கணினி செய்யாது. நாம்தான் செய்ய வேண்டும்.

முடிவுரை

அன்புத் தோழியரே! பெண்கள் இப்படித்தான், அந்த ஊரார் இப்படித்தான், அந்த வகுப்பு இப்படித்தான் என்று ஒரே கோட்டால் அனைவரையும் அளப்பதை அன்றாடம் கேட்கிறோம். அப்போதெல்லாம் அந்தக் கூட்டத்திற்குள் எத்தனை வகையினர் இருக்கிறார்கள் என்று ஒரு நொடி கேட்போம். இறைவன் படைப்பில் ஒவ்வொரு புள்ளியும் ஓர் உயிர். கூட்டத்தைக் காணும்போது ஒருவரை மறவாமலும், ஒருவரைக் காணும்போது கூட்டத்தை மறவாமலும் இருக்கக் கற்போம். பெற்றோரும் அருட்சகோதரியரும் நமக்கு ஊட்டிவரும் நேர்மையை நாம் வரையும் ஒவ்வொரு படத்திலும் காட்டுவோம்.

வாழ்க அறிவு! வளர்க நம் பள்ளி!